பார்பெல் பயிற்சி: புதியவர்கள் எடையை எப்படிக் கூட்ட வேண்டும்?

இன்று நம் ஊர்களில் உடற்பயிற்சிக் கூடம் இல்லாத கடைவீதி அரிது. பிளஸ் டூ முடித்த பையன் முதல், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் குடும்பத் தலைவர் வரை பலரும் அங்கே போகிறார்கள். உடம்பைப் பேணுவது நல்ல விஷயம். ஆனால் சேர்ந்த முதல் மாதத்திலேயே முதுகைப் பிடித்துக்கொண்டும், தோளைத் தூக்க முடியாமலும் வீட்டில் வந்து படுப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும் பெற்றோர், "இந்த ஜிம்மே வேண்டாம்" என்று ஒரேயடியாகத் தடுத்துவிடுகிறார்கள்.

அவசரப்பட்ட பையனுக்கும் நஷ்டம், தடுத்துவிட்ட வீட்டுக்கும் நஷ்டம். எடைப் பயிற்சி முறையாகச் செய்தால் எலும்பையும் தசையையும் வலுவாக்கும். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க உதவும். வயதான காலத்தில் பிறர் கையைப் பிடிக்காமல் எழுந்து நடக்கும் பலத்தைத் தரும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்கள் வாரத்தில் 2 நாட்களாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்று கூறியுள்ளது.

எடையைக் கூட்டுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைக் கடைப்பிடித்தால், தவிர்க்கக்கூடிய காயங்களில் பலவற்றைத் தவிர்த்துவிடலாம். அந்த ஒழுங்கை, புதிதாகத் தொடங்குபவருக்கும் அவரது வீட்டாருக்கும் புரியும்படி இங்கே பார்ப்போம்.

ஏன் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும்?

இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர், முழங்கால் அறுவைக்குப் பின் தொடைத் தசை மெலிந்து மருத்துவமனைகளில் கிடந்தார்கள். அக்காலத்தில் அவர்களுக்கு லேசான பயிற்சியைப் பல தடவை செய்யச் சொல்வதே வழக்கம். தாமஸ் டிலார்ம் என்ற ராணுவ மருத்துவர் அதை மாற்றினார். நோயாளி தூக்கக்கூடிய கனத்தைக் கொடுத்து, பலம் கூடக் கூட எடையையும் அளந்து கூட்டினார். இதை 1945-இல் மருத்துவ இதழில் எழுதினார். 1948-இல் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து ஓர் எளிய முறையை வகுத்தார். ஒருவர் 10 தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையை முதலில் கண்டறிய வேண்டும். முதல் சுற்றில் அதில் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழு எடை. இன்று ஜிம்களில் சொல்லப்படும் "3 செட், 10 தடவை" என்பதற்கு வேர் இதுதான்.

காயப்பட்ட கால்களுக்கே அது பலன் தந்ததற்குக் காரணம், கூட்டுவதில் இருந்த அளவு. உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பலம் பெறுவதில்லை. முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகளின் வேலை; இருக்கிற தசையைச் சரியாகப் பயன்படுத்த மூளை கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு தசை வளர்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும், மூட்டுகளைக் கட்டியிருக்கும் தசைநார்களும் இவற்றைவிட மெதுவாகத்தான் உறுதிப்படுகின்றன.

ஆகவே இரண்டாம் மாதத்தில், "என்னால் இன்னும் தூக்க முடிகிறதே" என்று ஒருவருக்குத் தோன்றுவது உண்மைதான். ஆனால் அவரது தோள்மூட்டும் முழங்காலும் அதற்கு இன்னும் தயாராகியிருக்காது. தூக்க முடிகிறது என்பதற்காகவே ஒரு எடையைப் போட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

தொடங்கும் முன் யார் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கீழ்க்கண்டவர்கள் மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் எடையைத் தொட வேண்டாம்:

1. உயர் ரத்த அழுத்தம் அல்லது இதய நோய் உள்ளவர்கள்.
2. சர்க்கரை நோயாளிகள், குறிப்பாகக் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள்.
3. குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்.
4. முதுகுத் தண்டில் டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள்.
5. கர்ப்பிணிகள், அண்மையில் குழந்தை பெற்றவர்கள்.
6. 40 வயதைக் கடந்து, இதுவரை எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்கள்.

சிறுவர்கள் எடை தூக்கினால் உயரம் வளராது என்ற அச்சம் நம்மிடையே பரவலாக உண்டு. மேற்பார்வையோடு, லேசான எடையில், முறையைக் கற்கும் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளி மாணவர்கள் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, "யார் அதிகம் தூக்குவது" என்று போட்டி போடுவதே அது. அதைத்தான் பெற்றோர் கண்காணிக்க வேண்டும்.

கருவியை அறிந்துகொள்ளுங்கள்

பார்பெல் என்பது இரு முனைகளிலும் எடைத் தட்டுகளை மாட்டக்கூடிய நீண்ட தண்டு. ஜிம்களில் இதை "ராடு" என்றும், தட்டுகளை "பிளேட்" என்றும் சொல்வார்கள். போட்டிகளில் பயன்படும் ஆண்கள் ராடு 20 கிலோ, பெண்கள் ராடு 15 கிலோ. ஆண்கள் ராடின் நீளம் 2.2 மீட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அந்தக் கனம் வெறும் ராடிலேயே இருக்கிறது.

எல்லா ஜிம்களிலும் உள்ள ராடுகள் இந்த அளவில் இருப்பதில்லை. 7 கிலோ, 10 கிலோ, 12 கிலோ என்று பலவிதமாக இருக்கும். முதல் நாளே ராடை எடை பார்க்கும் மெஷினில் வைத்து அளந்துகொள்ளுங்கள். நேற்று ஒரு ராடு, இன்று வேறு ராடு என்று மாறினால், நீங்கள் எழுதிவைக்கும் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

தட்டுகளில் சிறியது பெரும்பாலும் 1.25 கிலோவாக இருக்கும். இரண்டு பக்கமும் மாட்ட வேண்டியிருப்பதால், ஒரு தடவை கூட்டக்கூடிய குறைந்தபட்ச எடை 2.5 கிலோ. சில இடங்களில் அரை கிலோ தட்டுகளும் கிடைக்கும். ஜிம்மைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய தட்டுகள் எத்தனை என்று எண்ணுவதை விட, சிறிய தட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ராடு கைநழுவினால் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்புக் கம்பிகள் உள்ள ஸ்டாண்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதியவர் வந்தால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் இருந்தால் இன்னும் நல்லது.

எந்தப் பயிற்சிகள் போதும்?

புதியவருக்கு ஐந்து பயிற்சிகள் போதும்.

*ஸ்குவாட்:* நம் பாட்டனார் காலத்து பஸ்கிதான் இது; தோளுக்குப் பின்னால் ராடு இருக்கும், அவ்வளவே. ராடு கழுத்து எலும்பின் மேல் அல்லாமல், மேல்முதுகின் தசை மீது அமர வேண்டும். கால்களைத் தோள் அகலத்தில் வைத்து, பாதங்களைச் சற்று வெளிப்புறம் திருப்பிக்கொள்ளுங்கள். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முழங்கால் உள்ளே மடங்காமல், பாதம் நோக்கும் திசையிலேயே போக வேண்டும். தொடை தரைக்குச் சமமாக வரும் வரை இறங்கி எழுவது முறை. பாதுகாப்புக் கம்பிகள், நீங்கள் இறங்கும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

*டெட்லிஃப்ட்:* தரையில் இருக்கும் ராடை நின்ற நிலைக்குத் தூக்குவது. கேஸ் சிலிண்டரைத் தூக்கும் ஒவ்வொருவரும் இதைத்தான் செய்கிறார்கள். நிரம்பிய சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. ராடு பாதத்தின் நடுப்பகுதிக்கு மேலே இருக்க வேண்டும். முதுகு வளையாமல் நேராக இருக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்காமல், காலால் தரையை அழுத்தி எழுந்து, ராடைக் காலை ஒட்டியே கொண்டுவர வேண்டும். போட்டித் தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர்; அதனால் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். புதியவர் மாட்டும் சிறிய தட்டுகளில் அது தாழ்ந்துவிடுவதால், குனிந்து முதுகை வளைக்க வேண்டி வரும். இரண்டு பக்கமும் மரக்கட்டையோ தட்டுகளோ அடுக்கி ராடை உயர்த்திக்கொள்ளுங்கள்.

*பெஞ்ச் பிரஸ்:* படுத்துக்கொண்டு மார்பிலிருந்து மேலே தள்ளுவது. தனியாகச் செய்தால் மிகவும் ஆபத்தானது இதுதான். ராடு நெஞ்சிலோ கழுத்திலோ அழுத்தி உயிர் போன சம்பவங்கள் உண்டு. பக்கத்தில் ஆள் இல்லாமலும், பாதுகாப்புக் கம்பி இல்லாமலும் இதைச் செய்யவே வேண்டாம். கட்டைவிரல் ராடைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். மணிக்கட்டு பின்னோக்கி வளையக் கூடாது. முழங்கைகளை முழுவதும் அகல விரிக்காமல் உடம்பை நோக்கிச் சற்று ஒடுக்கிக்கொண்டால் தோளுக்குப் பாதுகாப்பு.

*ஓவர்ஹெட் பிரஸ்:* நின்றபடி தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது. வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டு, இடுப்பைப் பின்னால் வளைக்காமல் செய்ய வேண்டும்.

*ரோ:* முன்னோக்கிச் சாய்ந்து நின்று, ராடை வயிற்றை நோக்கி இழுப்பது. இதிலும் முதுகு நேராக இருக்க வேண்டும்.

ஒலிம்பிக் போட்டிகளில் காணும் ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஆகிய இரண்டும் வேறு வித்தை. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அதைப் பயிற்சியாளரின் கீழ்தான் கற்க வேண்டும். வீடியோ பார்த்து ஜிம்மில் முயற்சிக்க வேண்டாம்.

உடையிலும் கவனம் தேவை. கைலியோடும், தொங்கும் துணியோடும் ராடைத் தொடக் கூடாது. மெத்தென்ற ஓட்டக் காலணியை விட, தட்டையான கெட்டி அடிப்பாகம் உள்ள காலணியே நல்லது.

முதல் இரண்டு வாரம்: எடை கூட்டாத காலம்

வாரம் 3 நாட்கள் போதும். சனி, திங்கள், புதன் என்று இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 48 மணி நேரம் இருந்தால் உடம்பு தேறிக்கொள்ளும்.

முதல் நாள்: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ. அடுத்த நாள்: ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ், டெட்லிஃப்ட். இவ்விரண்டும் மாறி மாறி வரட்டும். ஒவ்வொன்றிலும் 5 தடவை வீதம் 3 செட். டெட்லிஃப்ட் மட்டும் ஒரு செட் போதும்.

முதல் 6 பயிற்சிகளில் வெறும் ராடு மட்டுமே; டெட்லிஃப்டுக்கு மட்டும் ராடை உயர்த்திவைத்து லேசான தட்டுகள் மாட்டலாம். ராடே கனமாக இருந்தால் சின்ன ராடையோ டம்பெல்லையோ எடுத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம் எடுத்து, முதுகு வளைகிறதா, குதிகால் எழுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு வாரத்தில் படியும் பழக்கமே பின்னால் 60 கிலோவிலும் 80 கிலோவிலும் உங்களுடன் வரும்.

மூச்சிலும் முறை உண்டு. தூக்கும் முன் மூச்சை இழுத்து, வயிற்றை இறுக்கி, கடினமான கட்டத்தைத் தாண்டியதும் விடுங்கள். மூச்சை அடக்கும்போது ரத்த அழுத்தம் வெகுவாக ஏறும். ஆகவே அழுத்த நோய் உள்ளவர்கள் அடக்காமல், தூக்கும்போதே மூச்சை விட வேண்டும். இதை மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டும் ஒழுங்கு

மூன்றாம் வாரத்திலிருந்து எடை கூட்டலாம். மனனம் செய்யும் மாணவன் நேற்றைய பாடத்தை ஒப்புவித்த பிறகே புதுப்பாடம் வாங்குகிறான். இங்கும் அதே நியதிதான்.

1. எல்லா செட்டிலும், எல்லாத் தடவையும், முறை கெடாமல் முடித்தால் மட்டுமே அடுத்த பயிற்சியில் எடை கூட்டுங்கள்.
2. ஒரு தடவை குறைந்தாலும், அல்லது கடைசித் தடவையில் முதுகு வளைந்தாலும், அடுத்த முறை அதே எடைதான்.
3. ஒரே எடையில் மூன்று பயிற்சிகள் தொடர்ந்து தடைபட்டால், 10 சதவீதம் குறைத்து மீண்டும் ஏறி வாருங்கள். 60 கிலோவில் தடைபட்டவர் ஏறக்குறைய 54 கிலோவுக்கு இறங்க வேண்டும்.
4. இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்ற நிலையிலேயே செட்டை முடித்துக்கொள்ளுங்கள். தளர்ந்து விழும் வரை செய்வது புதியவருக்குத் தேவையில்லை.

எவ்வளவு கூட்டலாம்? அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், ஒரு நேரத்தில் 2 முதல் 10 சதவீதம் வரை என்று குறிப்பிட்டுள்ளது. இந்தச் சதவீதக் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. 50 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ கூட்டுவது 5 சதவீதம். 25 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸில் அதே 2.5 கிலோ 10 சதவீதம். தட்டு ஒன்றுதான், தோளுக்கு அது இரண்டு மடங்கு பாய்ச்சல்.

உடல் நலமுள்ள ஒரு 20 வயது வாலிபரின் கணக்கைப் பார்ப்போம். மூன்றாம் வாரம் 20 கிலோவில் ஸ்குவாட்டைத் தொடங்கி, ஒவ்வொரு பயிற்சியிலும் 2.5 கிலோ கூட்டுகிறார். 12 பயிற்சிகள் முடியும்போது, அதாவது ஆறாம் வார இறுதியில், 47.5 கிலோவில் இருப்பார். பெஞ்ச் பிரஸ் அதே காலத்தில் 6 முறைதான் வரும். 20-இல் தொடங்கினால் 32.5 கிலோ. டெட்லிஃப்டில் 40-இல் தொடங்கி 5 கிலோ வீதம் கூட்டினால் 65 கிலோ. அதன் பிறகு 2.5 கிலோ வீதம் போதும். பெண்களும் வயதானவர்களும் இதில் பாதி வேகத்தில் போகலாம். அதுவும் முன்னேற்றமே.

ஓவர்ஹெட் பிரஸ்ஸுக்குச் சிறிய தட்டு கிடைக்காவிட்டால், எடையை அப்படியே வைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 5 தடவையை 6 ஆக்கி, பிறகு 7, 8 என்று கொண்டுபோங்கள். 3 செட்டிலும் 8 தடவை வந்த பிறகு 2.5 கிலோ கூட்டி, மீண்டும் 5-க்குத் திரும்புங்கள்.

சில மாதங்களில், ஒவ்வொரு பயிற்சியிலும் கூட்டுவது நின்றுபோகும். அது தோல்வி அல்ல, எல்லோருக்கும் நடப்பதுதான். அப்போது வாரம் ஒரு முறை கூட்டும் முறைக்கு மாறுங்கள்.

முதல் 6 மாதங்களில், "ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு போடுவாய்?" என்ற சோதனையைச் செய்யவே வேண்டாம். நண்பர்கள் கூடி நின்று உசுப்பேற்றும் அந்த ஒரு நிமிடத்தில், பல மாத உழைப்பு வீணாகிவிடக்கூடும்.

எடை ஏறும் முன் உடம்பைத் தயார் செய்தல்

நேரடியாக வேலை எடைக்குப் போகக் கூடாது. 47.5 கிலோ ஸ்குவாட் செய்ய வேண்டிய நாளில், வெறும் ராடில் 5 தடவை வீதம் 2 செட், 30 கிலோவில் 5 தடவை, 40 கிலோவில் 2 தடவை. அதன் பிறகே 47.5 கிலோ. செட்டுகளுக்கு இடையே 2 முதல் 3 நிமிடம், கனம் கூடிய பின் 5 நிமிடம் வரை ஓய்வு எடுங்கள்.

ஒரு வாரம் விட்டுப்போனால் 10 சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டால் 20 முதல் 30 சதவீதம் குறையுங்கள். மாதக் கணக்கில் விட்டவர், ஏறக்குறைய முதலிலிருந்தே தொடங்குவது நல்லது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து, இருக்கும் ஒரு மாதத்தில் பழைய எடையைப் பிடித்துவிட நினைப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

எந்த வலி இயல்பு, எந்த வலி எச்சரிக்கை?

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைகளில் மந்தமான வலி இருப்பது இயல்பு. அது இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். சில நாட்களில் தானாகப் போய்விடும்.

தூக்கும்போதே சுருக்கென்று வரும் வலி, மூட்டுக்குள் வரும் வலி, ஒரு பக்கம் மட்டும் வரும் வலி ஆகியவை எச்சரிக்கை. அன்றைக்கு அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், காலில் பலவீனம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

1. நெஞ்சு வலி, மயக்கம்.
2. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல் அல்லது தொடையிடுக்கில் உணர்விழத்தல்.
3. கடும் தசை வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போதல்.

கடைசியில் சொன்னது, முதல் நாளிலேயே அளவுக்கு மீறிச் செய்தவர்களுக்கு வருவது. சிதைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். "புதிதாக வந்தவனை இன்று பிழிந்துவிடுகிறேன்" என்று விளையாட்டாகச் செய்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

உணவும் ஊசியும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. எடைப் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் சமைத்த கோழிக்கறியில் 27 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. பால், பருப்பு, மீன், கடலை சேர்ந்தால் நம் வீட்டுச் சமையலே இதைத் தந்துவிடும். பவுடர் கட்டாயம் இல்லை. வாங்குபவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்; கேப்ஸ்யூல் மாத்திரைகளில் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இரவில் 7, 8 மணி நேரத் தூக்கம் இல்லாமல் எந்த உணவும் பலன் தராது.

சில இடங்களில் "சீக்கிரம் உடம்பு ஏற" ஊசி போடச் சொல்வார்கள். ஸ்டீராய்டு ஊசிகள் உடம்பின் சொந்த ஆண் ஹார்மோன் சுரப்பை நிறுத்திவிடும். மலட்டுத்தன்மை, ஆண்களுக்கு மார்பு வளர்தல், இதய நோய் ஆகியவை அதன் பின்விளைவுகள். தசை திடீரென்று பெருத்து, தசைநாண் அதே வேகத்தில் உறுதியாகாமல், அறுந்துபோவதும் உண்டு. நாளை குடும்பம் நடத்த வேண்டிய வாலிபருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறு என்ன?

நோன்புக் காலத்தில்

ரமலானில் பயிற்சியை முழுவதும் விட வேண்டியதில்லை. புதிய எடைகளைத் தேடவும் வேண்டாம். பலத்தை வளர்க்கத் தேவைப்படும் அளவை விட, இருப்பதைக் காக்கத் தேவைப்படும் அளவு குறைவு. வாரம் 2 நாட்கள், 3 செட்டுக்குப் பதில் 1 அல்லது 2 செட், 10 சதவீதம் குறைந்த எடை போதும். இஃப்தாருக்குப் பிறகு, உண்டது செரித்ததும், அல்லது தராவீஹுக்குப் பின் செய்வது நல்லது. அப்போது தண்ணீர் குடிக்க முடியும். பகல் வெயிலில், நாக்கு வறண்ட நிலையில் கனமான ராடைத் தொட வேண்டாம். பெருநாள் முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து அல்லாமல், ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள்.

பெண்களும் முதியோரும்

எடை தூக்கினால் பெண்கள் ஆண்களைப் போல் ஆகிவிடுவார்கள் என்பது தவறான எண்ணம். பெண்களின் உடலில் ஆண் ஹார்மோன் மிகக் குறைவு. மாதவிடாய் நின்ற பின் எலும்பு தேயும் வயதில்தான் இப்பயிற்சி அவர்களுக்கு அதிகம் தேவை.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களிடம் 8 மாதம் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் 2 முறை, 30 நிமிடம், மேற்பார்வையோடு டெட்லிஃப்ட், ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் செய்தார்கள். அவர்களது முதுகுத் தண்டு எலும்பின் அடர்த்தி கூடியது. அங்கும் முதல் மாதம் முழுவதும் லேசான எடையில் முறையைக் கற்பதற்கே ஒதுக்கப்பட்டது. கனமான எடை அதன் பிறகே வந்தது.

உடல் மறைக்கும் உடை இதற்குத் தடையில்லை. குல்சூம் அப்துல்லாஹ் என்ற பாகிஸ்தானிய அமெரிக்க வீராங்கனையின் முயற்சியால், சர்வதேச பளுதூக்கும் கூட்டமைப்பு 2011-இல் முழு உடலையும் மறைக்கும் உடையை அனுமதித்தது. எகிப்தின் சாரா அஹ்மத் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபுடன் பங்கேற்று வெண்கலம் வென்றார். பயிற்சியின்போது, ராடில் சிக்காதபடி முந்தி இல்லாத தலைத்துணியும், நீளம் அளவான மேலாடையும் அணிந்துகொள்ளலாம். தலைத்துணியில் ஊசி குத்தியபடி பெஞ்சில் படுக்க வேண்டாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் ஜிம் அருகில் இல்லாவிட்டால், வீட்டிலேயே டம்பெல்லில் தொடங்கலாம், இதே ஒழுங்குதான்.

வீட்டார் செய்ய வேண்டியது

ஜிம்முக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, பயிற்சி, எடை, எத்தனை தடவை, எங்காவது வலி இருந்ததா என்ற ஐந்தும் ஒவ்வொரு நாளும் அதில் எழுதப்பட வேண்டும். வாரம் ஒரு முறை அதை வாங்கிப் பாருங்கள். 40, 42.5, 45 என்று ஏறியிருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 40-க்கு அடுத்து 60 என்று இருந்தால், அன்றைக்கே உட்காரவைத்துப் பேசுங்கள். மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"எவ்வளவு தூக்கினாய்?" என்பதை விட, "போன வாரத்தை விட எவ்வளவு கூட்டினாய்? முறை கெடாமல் முடித்தாயா?" என்று வீட்டில் கேட்கப் பழகுவோம். அப்படிக் கேட்கிற வீட்டில், பிள்ளையும் நண்பர்களின் உசுப்பேற்றலுக்கு அவ்வளவு எளிதில் இணங்க மாட்டான்.